கேட்டவுடன் தரப்படும்: ஜெ. பெல்வுட்

தோர்ன்பெக்
14 செப்டம்பர் 1811

அன்புள்ள டார்க்கஸ் அக்காவுக்கு,

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். சுருக்கமாக எழுத முயல்கிறேன். என்னால் அது முடியாது என்பது உனக்கும் தெரியும்.

இங்கே சில்லறைப் பஞ்சம் முற்றிவிட்டது. அரசரின் நாணயச்சாலை வெள்ளிக் காசு அடிப்பதை நிறுத்தி வெகுகாலமாகிறது. இருந்த நல்ல ஷில்லிங்குகளையும் உருக்கி விற்றுவிட்டார்கள். மிச்சமிருப்பவை தேய்ந்து வழுவழுத்துப் போனவை. அவற்றில் இருப்பது ராஜாவின் முகமா ஆட்டின் முகமா என்று சொல்ல முடியாது. கடைக்கு ஒரு புட்டி மசி வாங்க வருகிறவர் பவுண்டு நோட்டை நீட்டுகிறார். "பிறகு கொடுங்கள்" என்று மசியைக் கொடுத்தனுப்புகிறேன். வேறென்ன செய்வது?

நெசவாலையில் நிலைமை இதைவிட மோசம். சனிக்கிழமை கூலி கொடுக்க முதலாளி ஹார்க்கரிடம் சில்லறை இல்லை. நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒரு நோட்டைக் கொடுத்து, "பிரிச்சுக்கோங்க" என்று அனுப்பிவிடுகிறார். அதை மாற்றித் தரும் ஒரே இடம் மதுக்கடை. குடித்தால்தான் சில்லறை. ஆலையில் நூல் நூற்கும் கெஸியா ஸ்கெல்டன் என்ற விதவை நேற்று என் கடை வாசலில் நின்று கத்தினாள்: "பெல்வுட் ஐயா, பொறந்ததுலேர்ந்து நான் பீரை மோந்துகூடப் பாத்ததில்ல. இப்ப ரொட்டி வாங்கணும்னா மொதல்ல குடின்றான். வீட்டுக்குப் போனா புள்ளைங்க என் வாயை மோந்து பாக்குதுங்க!" தெருவே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

ஹார்க்கர் ஒரு வழி சொல்கிறார். மற்ற ஊர்களில் செய்வதுபோல நாமும் வெள்ளியில் வில்லை அடிப்போம் என்கிறார். ஒரு பக்கம் ஊர்ப்பெயர். மறுபக்கம் "ஒரு ஷில்லிங், கேட்டவுடன் தரப்படும்" என்ற வாக்கும் கொடுப்பவரின் பெயரும். அந்தப் பெயர் என்னுடையதாக இருக்க வேண்டுமாம். அவர் சொன்னது இது: "பேரு மட்டும் குடுங்க பெல்வுட். வெள்ளி என்னுது, செலவு என்னுது. வில்லையக் கொண்டாந்து நீட்டுறவனுக்கு என் பேங்க் நோட்டு குடுத்துடலாம். என் பேரைப் போட்டா ஒருத்தனும் தொடமாட்டான். உங்க பேருன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்குவான்."

நான் ஆலயக் குமாஸ்தா, பழைய பள்ளி ஆசிரியன், தாள் விற்கிறவன். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா? நான் மறுத்தால் கெஸியா மறுபடி மதுக்கடைக்குப் போவாள். ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வீடும் கடையும் அப்பா நம் இருவருக்கும் சேர்த்து விட்டுப் போனவை. அதனால் நீ சொல்வதே முடிவு. மாதக் கடைசிவரை தவணை வாங்கியிருக்கிறேன்.

உன் தம்பி,
ஜெர்வஸ்


ரேவன்விக் துறைமுகம்
19 அக்டோபர் 1811

தம்பி ஜெர்வஸ்,

வேண்டாம். மற்றதைப் பிறகு படி. முதலில் இதைப் படித்துவிட்டு ஹார்க்கரிடம் போய்ச் சொல்லிவிட்டு வா. வேண்டாம்.

உன் கடிதம் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. என் கைக்கு வந்தது நேற்று. கடிதத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் அதைப் பெறுகிறவர். என்னிடம் நோட்டு இருந்தது, பென்ஸ் இல்லை. தபால்காரன் சொன்னான்: "இத மாத்தித் தரணும்னா நான் குதிரையத்தான் விக்கணும் அம்மா. சில்லறையோட வாங்க. கடுதாசி எங்கயும் ஓடிடாது." சரி, உன் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருப்பாய், அதற்கென்ன அவசரம் என்று விட்டுவிட்டேன். என் விடுதியில் தங்கியிருந்த மாலுமி ஒருவன் நேற்றுத்தான் சட்டைப் பையைக் கவிழ்த்து எட்டு பென்ஸ் பொறுக்கிக் கொடுத்தான்.

வெள்ளி அவனுடையது, லாபம் அவனுடையது, பெயர் மட்டும் உன்னுடையதா? அந்த மூன்றில் எது கடைசிவரை நிற்கும் என்று யோசித்தாயா? நீ லத்தீன் படித்தவன். நான் மாலுமிகளுக்குச் சோறு போடுகிறவள். எனக்கே தெரிகிறது.

டார்க்கஸ்


தோர்ன்பெக்
27 அக்டோபர் 1811

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துவிடு. மாதக் கடைசிவரை காத்திருந்தேன். பிறகும் சில நாள் காத்திருந்தேன். நீ எதையும் உடனே சொல்லிவிடுகிறவள். உனக்கு மறுப்பிருந்தால் இதற்குள் எழுதியிருப்பாய், எழுதாததால் மறுப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், எனக்கு எது வசதியோ அப்படி எடுத்துக்கொண்டேனோ என்று தோன்றுகிறது.

அச்சு வெட்டியாகிவிட்டது. முதல் மூட்டை வந்துவிட்டது. ஹார்க்கரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டி, "ஐயா, கல்யாணம் முடிஞ்ச அப்புறம் பொண்ணு பாக்க வந்திருக்கீங்க" என்றார்.

உன் கடிதத்துக்குக் கூலியாக ஒரு வில்லையை நீட்டினேன். தபால் நிலையத்தில் வாங்க மாட்டார்களாம்.

ஜெர்வஸ்


தோர்ன்பெக்
3 மே 1812

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதாத இந்தக் குளிர்காலம் முழுவதும் நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரிந்தே இருந்தேன். உன் கோபம் கொஞ்சம் குறையுமோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா, வில்லை ஓடுகிறது. சனிக்கிழமைகளில் ஒவ்வொருவருக்கும் கூலி தனித்தனியாகக் கையில் கிடைக்கிறது. மதுக்கடைக்காரன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஊரில் யாரும் இதை வில்லை என்று சொல்வதில்லை, பெல்வுட் என்கிறார்கள். "ரெண்டு பெல்வுட்டுக்கு மாவு குடு" என்கிறார்கள். மாவுக்காரர் ஒருநாள், "இந்த பெல்வுட்ட கடிச்சுப் பாத்தேன். ஆளு மாதிரி இல்ல, கெட்டியா இருக்கு" என்று என் காதுபடவே சொன்னார்.

ஆலைப் பெண்களின் அடக்கச் சங்கம் உனக்கு நினைவிருக்கும். வாரம் ஒரு சிறு தொகை போடுவார்கள். அவர்களில் யார் செத்தாலும் சவப்பெட்டிக்கும் குழிக்கும் அதிலிருந்து எடுப்பார்கள். ஏழைச் சாவு சாகாமல் மரியாதையோடு போக வேண்டும் என்பது அவர்களுடைய ஒரே ஆசை. பணம் ஒரு கருவாலி மரப் பெட்டியில் இருக்கிறது. மூன்று பூட்டு, மூன்று பெண்களிடம் மூன்று சாவி. மூவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். இப்போது அவர்கள் பெட்டியில் இருந்த நோட்டையெல்லாம் மாற்றி முழுக்க வில்லையாகப் போட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கெஸியாவிடம் ஒரு சாவி இருக்கிறது. அவள் சொன்னாள்: "நோட்டு நெருப்புல போகும். பேங்க் ஒரே ராத்திரியில காணாமப் போகும். நீங்க எங்க ஓடுவீங்க? முட்டிவலி வேற."

ஒரு வில்லையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது. அதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

ஜெர்வஸ்


ரேவன்விக்
20 மே 1812

ஜெர்வஸ்,

கோபம் குறையவில்லை. ஆனால் அந்த மாவுக்காரரை எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தப் பெண்களைப் பெட்டியைத் திறந்து பாதியையாவது மாற்றிக்கொள்ளச் சொல். அவர்கள் கேட்க மாட்டார்கள், உனக்கும் அழுத்திச் சொல்ல வராது. இருந்தாலும் சொல்.

டார்க்கஸ்


தோர்ன்பெக்
9 நவம்பர் 1813

அக்கா,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

தனியார் வில்லைகள் இனிச் செல்லாது என்று பாராளுமன்றம் சட்டம் போட்டதும் கெடுவைத் தள்ளிக்கொண்டே வந்ததும் உனக்குத் தெரியும். நான் ஹார்க்கரிடம் அதைப் பற்றிப் பலமுறை கேட்டேன். "நோட்டுதான் இருக்கே, கவலைப்படாதீங்க" என்பார். போன செவ்வாய்க்கிழமை ஹார்க்கருடைய பேங்க் கதவு திறக்கவில்லை. மதியம் வரை சன்னலும் திறக்கவில்லை. ஹார்க்கர் குடும்பத்தோடு போய்விட்டார். எங்கே என்பதற்கு ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். அவருடைய நோட்டுகள் இப்போது என் கடையில் விற்கும் தாளைவிட மலிவு. என் தாளிலாவது ஒரு பக்கம் எழுதலாம்.

வக்கீலைப் பார்த்தேன். அவர் ஒரு வில்லையை இரண்டு பக்கமும் புரட்டிவிட்டு, "இதுல ஹார்க்கர்னு எங்க இருக்கு? பேரு யாருதோ அவர்தான் குடுக்கணும். யாரு கொண்டாந்து நீட்டினாலும் குடுக்கணும்" என்றார்.

கடைக்காரர்கள் வில்லையை வாங்க மறுக்கிறார்கள். அதிலுள்ள வெள்ளி, எடைக்குப் போட்டால், சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தேறும். வெளியூர்களுக்குப் போனவை போகட்டும். ஊரில் இருப்பதில் பெரும்பகுதி அந்தப் பெட்டியில் இருக்கிறது. என் பெயரை நம்பிப் போட்டது. வீட்டை விற்றால் அதைக் கொடுத்துவிட முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். உன் பாதியையும் சேர்த்துத்தான். கேட்க எனக்கு உரிமையில்லை. கேட்கிறேன்.

ஜெர்வஸ்


ரேவன்விக்
18 நவம்பர் 1813

ஜெர்வஸ்,

விற்க மாட்டேன்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் கண் போய்க்கொண்டிருக்கிறது. இந்த எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்திருக்கும். விடுதிக் குத்தகை இன்னும் இரண்டு வருடம்தான். அதன்பிறகு தோர்ன்பெக் வந்து, ஆப்பிள் மரத்தைப் பார்த்த அந்தப் பின்னறையில் இருந்துவிடலாம் என்று வைத்திருந்தேன். வேறு போக்கிடம் எனக்கு இல்லை. ஹார்க்கர் செய்ததற்கு நான் ஏன் தெருவில் நிற்க வேண்டும்? அந்தப் பெண்களிடம் கருணை காட்டுகிறாய். என்னிடம்?

கடையைப் பூட்டிவிட்டு இங்கே வா. அவர்கள் வந்து எடுத்துப்போக உன்னிடம் என்ன இருக்கிறது, மசிப் புட்டியா?

டார்க்கஸ்


தோர்ன்பெக்
2 டிசம்பர் 1813

அக்கா,

உன் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். இனிக் கேட்கவும் மாட்டேன். மருத்துவரைப் பார்.

இங்கே ஒன்று நடந்தது. சங்கத்தில் இருந்த ஹன்னா பெர்ட்டில் செத்துப்போனாள். சாவி வைத்திருக்கும் மூவரும் வந்து பெட்டியைத் திறந்து பணம் கொடுத்தார்கள். சவப்பெட்டி செய்கிறவர் வில்லையை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஹன்னாவை ஊர்ச் செலவில் பழைய துணியில் சுற்றிப் புதைத்தார்கள். குழிக்கருகே குமாஸ்தாவாக நான்தான் நிற்க வேண்டியிருந்தது. எனக்கு விஷயமே அப்போதுதான் தெரியும். ஒருத்தியும் என்னிடம் வந்து கேட்கவில்லை.

அதன்பிறகு அந்தப் பெண்கள் என் கடைப் பக்கம் வருவதில்லை. தூரத்தில் என்னைக் கண்டதும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கமாகப் போய்விடுகிறார்கள். கெஸியாகூட. அவள் வந்து திட்டியிருந்தால் தாங்கிக்கொள்வேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். கோபம் அவ்வளவு முற்றிவிட்டது.

ஜெர்வஸ்


ரேவன்விக்
11 ஜனவரி 1814

தம்பி,

இதைப் பக்கத்து அறைக் கப்பல்காரரின் மனைவியைக் கொண்டு எழுதுகிறேன். அவள் நல்லவள், வெளியே சொல்ல மாட்டாள்.

நேற்று மீன்காரி எனக்கு மீதி கொடுத்தாள். அதில் ஒன்று விரலுக்கு வேறு மாதிரி இருந்தது. தடவிப் பார்த்தேன். முதல் எழுத்திலேயே தெரிந்துவிட்டது. மீன்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அய்யோ, அது இங்க செல்லாதா? குடுங்க, வேற தர்றேன். எவனோ ஒரு மாலுமி என் தலைல கட்டிட்டான். பெல்வுட்டாம், எந்த ஊர்த் திருடனோ" என்றாள்.

நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. செல்லும் என்றேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அது உன் பெயர் மட்டுமில்லை. கல்யாணத்துக்கு முன்பு என் பெயரும் அதுதான். அப்பாவின் பெயர்.

விற்றுவிடு. என் சம்மதப் பத்திரம் இதோடு இருக்கிறது. சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். பின்னறையைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

ஆனால் ஒரு நிபந்தனை, அதை நீ மீறக்கூடாது. பணம் உன் கையில் வந்து விழும்வரை ஒருவரிடமும் மூச்சு விடாதே. நீ வீட்டை விற்கப் போகிறாய் என்று தெரிந்தால் வாங்குகிறவன் விலையைப் பாதியாக்குவான். ஊர் முழுக்க உன் வாசலில் நிற்கும். ஒருவரிடமும் இல்லை என்று சொல்ல உனக்கு வராது. கெஸியாவிடம்கூடச் சொல்லாதே. பணம் வந்தபிறகு மணி அடித்தே சொல்.

டார்க்கஸ்


தோர்ன்பெக்
1 மார்ச் 1814

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நிபந்தனையை மீறவில்லை. தானிய வியாபாரி ஒருவர் வீட்டை வாங்கிக்கொண்டார். பேரம் நீண்டது. இழுத்துப் பேச எனக்கு வராது என்பதால் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், அதுவே நல்ல விலைக்குக் கொண்டுவந்தது. போன வெள்ளிக்கிழமை பணம் கைக்கு வந்தது. நம்பத்தக்க நோட்டுகள், விசாரித்துத்தான் வாங்கினேன். சனிக்கிழமை ஓர் அறிவிப்பு எழுதினேன்: பெல்வுட் வில்லை வைத்திருப்பவர்கள் திங்கட்கிழமை கொண்டுவந்து முழு மதிப்பையும் பெற்றுக்கொள்ளலாம். நேராகக் கெஸியா வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் கதவைச் சாத்திவிடுவாளோ என்று பயந்தேன். அதனால் அறிவிப்பைக் குருவானவரிடம் கொடுத்து, ஞாயிறு ஆராதனை முடிவில் வாசிக்கச் சொன்னேன். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கட்டும், ஒருவருக்கு முன்னால் ஒருவர் என்று இருக்கக்கூடாது என்று நினைத்தேன். முறையாகச் செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஞாயிறு காலை ஆலய வாசலில் கெஸியா என்னைத் தேடி வந்தாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு நேருக்கு நேராக. முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, இனி நீங்க எங்களப் பாத்து ஒளிய வேண்டாம், நாங்களும் உங்களப் பாத்து ஒளிய வேண்டாம். எல்லாத்தயும் தொலச்சாச்சு!"

"எதை?" என்றேன்.

"பெட்டியில இருந்த பெல்வுட்டதான். வெள்ளி வாங்குற ஆள் ஒருத்தர் வெளியூர்லேர்ந்து வந்திருக்கார். நேத்து சாயங்காலம் மூணு பேரும் சாவியக் கொண்டுபோய்த் தெறந்து எல்லாத்தயும் எடைக்குப் போட்டுட்டோம். பன்னெண்டு பென்ஸ் ஷில்லிங்குக்கு ஏழு பென்ஸ் தேறிச்சு. நாங்க உங்க தெருவுல வந்தா உங்க மூஞ்சி செத்துப்போகுது. எங்களுக்கு அது பொறுக்கல. ஹன்னா சாகுறப்பவே சொன்னா, 'அந்த மனுசன்கிட்டப் போய் நிக்காதீங்கடி'ன்னு. பெட்டியில அது கெடந்தா எவளுக்காவது ஒருநா நிக்கத் தோணும். இப்ப அது இல்ல. கொஞ்சம் நஷ்டம்தான். அதனாலென்ன, சாவறத ரெண்டு மூணு வருசம் தள்ளிப் போட்டுக்குறோம்!"

பின்னால் நின்ற மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர்கள் தெருவைக் கடந்து போனது கோபத்தால் இல்லை, அக்கா. எனக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான்.

மணி அடித்தது. அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். நானும் என் இடத்துக்குப் போனேன். வெள்ளி வாங்குகிறவர் மூன்றாவது பெஞ்சில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடாது, அதனால் தங்கியிருக்கிறார். கண்ணியமான மனிதர், நன்றாகப் பாடுகிறார். அறிவிப்பு குருவானவரின் புத்தகத்தில் ஒரு முனை வெளியே தெரியும்படி இருந்தது. நான் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே அவருடைய மேடை. நான் எழுந்து கையை நீட்டினால் தாள் கைக்கு எட்டும். "இதை இன்று வாசிக்க வேண்டாம்" என்று சொன்னால் போதும். ஒன்றிரண்டு வில்லை வைத்திருப்பவர்களை நானே வீடுவீடாகத் தேடிப் போய்க் கொடுத்திருப்பேன். அந்த மனிதர் திங்கட்கிழமை மூட்டையோடு ஊரைவிட்டுப் போயிருப்பார். பெட்டியின் பணத்தைப் பெண்களிடமே கொடுத்திருப்பேன்.

ஜெபத்துக்கு நடுவே எழுவது முறையல்ல என்று நினைத்தேன். பிறகு சங்கீதம் வந்தது, சங்கீதத்துக்கு நடுவே முடியாது. பிறகு பிரசங்கம். அது நீளமானது. அதன் நடுவே எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். இது வாக்குத் தவறுவது ஆகாதா, யார் கொண்டுவந்தாலும் கொடுப்பேன் என்றுதானே அர்த்தம் என்றும் நினைத்தேன். அது உண்மைதான். ஆனால் என்னை எழவிடாமல் உட்காரவைத்தது அந்த எண்ணம் இல்லை.

குருவானவர் வாசித்தார். தெளிவாக, நிறுத்தி நிறுத்தி. ஆலயத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, மகிழ்ச்சி முணுமுணுப்பு. கெஸியா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். வெள்ளி வாங்குகிறவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நேற்றுக் காலை முதலில் வந்தவர் அவர்தான். "எனக்கே சங்கடமாத்தான் இருக்கு ஐயா. ஆனா நானும் கைக்காசு போட்டுத்தான் வாங்கினேன்" என்றார். நான் கொடுத்தேன். முழுவதும். எழுந்து நின்று நன்றி சொன்னார். "உங்க பேருக்கு நல்ல மதிப்பு" என்றும் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். பிறகு ஊர்க்காரர்கள் ஒன்றிரண்டாகக் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் கொடுக்க முடிந்தது. திரும்பி வந்த வில்லைகளை, வெள்ளி ஹார்க்கருடையது என்று சொல்லி, அவருடைய கடன்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். வண்டிக்கூலிக்கு மிஞ்சியிருக்கிறது, அதற்கு மேல் இல்லை.

மாலையில் கெஸியா வந்தாள். உள்ளே வரவில்லை. கதவருகில் நின்றாள்.

"வீட்டயா வித்தீங்க?"

"ஆமாம்."

"எங்களுக்காகவா?"

நான் மேசைமேல் கிடந்த கணக்குத் தாளை மடித்தேன்.

"கோயில் வாசல்ல நின்னு அவ்வளவு பேசினேனே ஐயா. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் ஓடிப்போய் அந்த ஆளு கால்ல விழுந்தாவது பெட்டியத் திருப்பி வாங்கியிருப்பேனே."

 அவள் தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை வண்டியில் புறப்படுகிறேன். இந்தக் கடிதம் எனக்கு ஒருநாள் முன்னதாக வரும். இதையும் அந்தக் கப்பல்காரரின் மனைவிதான் உனக்கு வாசித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். இந்த இடத்தை மட்டும் அவள் இரண்டு முறை வாசிக்கட்டும். யாரிடமும் சொல்லாதே என்று நீ சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்று உட்கார்ந்து அழாதே. உன் நிபந்தனை வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. அதன்பிறகு வாயைத் திறக்க எனக்கு ஒரு முழு ஆராதனை இருந்தது, அக்கா.

ஜெர்வஸ்